பத்தாவதுக்கு நேரே ஓர் இன்ட்டு

எங்கள் சபையின் அடிப்படை விசுவாசங்கள் மொத்தம் பத்து. மைசூர் ஹெப்பாளில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் ஆராதனைக் கூடத்தில், மேடைக்கு இடது பக்கச் சுவரில், நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். கன்னடத்தில் ஒரு பலகை, தமிழில் ஒரு பலகை. தமிழ்ப் பலகையில் இருப்பது என் வாசகம். போதகர் ஆங்கிலத்தில் கொடுத்ததை உட்கார்ந்து தமிழாக்கியவள் நான்தான். வேதம் தேவனுடைய வார்த்தை என்பதில் அது தொடங்கும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய ஒரே தேவன், கன்னியிடம் பிறந்த இயேசு, நம் பாவத்துக்காக அவர் சிலுவையில் மரித்தது, மூன்றாம் நாள் எழுந்தது, நாம் செய்யும் நல்ல காரியத்தால் அல்லாமல் கிருபையால் மட்டுமே கிடைக்கும் ரட்சிப்பு, மறுபடி பிறப்பது, முழுக்கு ஞானஸ்நானம், அவருடைய இரண்டாம் வருகை என்று வரிசையாகப் போய்ப் பத்தாவதில் முடியும். விசுவாசித்தவர்களுக்கு நித்திய ஜீவன், விசுவாசியாதவர்களுக்கு நித்திய ஆக்கினை, அதாவது முடிவில்லாத நரகம். எனக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் வந்தது அந்தப் பத்தாவது.

ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவர்கள் ஆறு வாரம் வகுப்புக்கு வர வேண்டும். தமிழ் வகுப்பு என் பொறுப்பு. ஒவ்வொரு வாசகத்தையும் படித்து விளக்குவேன். புரிந்ததும் அவர்கள் "விசுவாசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு டிக். பத்து டிக்கும் விழுந்தால் ஆள் தயார் என்று போதகரிடம் சொல்வேன். இந்த நோட்டு முறையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே கொண்டுவந்தேன். பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் எனக்கு சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நூற்றில் ஒன்று தவறினாலும் ஃபெயில் என்று எழுதிப் பழகிய கை. அந்தக் கையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவா முடியும்?

நாங்கள் பிறவிக் கிறிஸ்தவர்கள் இல்லை. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம். அப்பாவும் ரயில்வே ஒர்க்ஷாப்பில்தான் இருந்தார். பழுது பார்த்த பெட்டிகளைப் பரிசோதித்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுகிற வேலை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அக்ரஹாரத்துக் கோயிலுக்குப் போகிறவள். புற்றுநோய் வந்து ஏழே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த ஏழு மாதமும் என்னோடு வேலை செய்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா போன பிறகு அவள்தான் என்னைச் சபைக்கு அழைத்துப் போனாள். முதல் ஆராதனையில் நான் அழுத அழுகையை அம்மாவின் சாவு வீட்டில்கூட அழவில்லை. யாரோ என்னைத் தூக்கி உட்கார வைத்தது போல இருந்தது. அது பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அப்பா என்னைத் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளுக்கு பஸ் சரியாக வராது என்று ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடியும்வரை கீழே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நல்ல மழை. நனைந்துகொண்டே மேலே வந்து கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் மழை இல்லை, ஆனாலும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வருடம் அங்கேயே உட்கார்ந்தார். பாட்டுகளுக்கு மெதுவாகத் தொடையில் தாளம் போடுவார். நான் முன் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அவருக்காக நான் உபவாசம் இருந்த நாட்களுக்குக் கணக்கே கிடையாது.

என் வைராக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. வீட்டிலிருந்த சாமி படங்களை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் போட்டோவுக்கு மாலை போடுவதும் பொட்டு வைப்பதும் கூடாது என்றேன். மறுநாள் பார்த்தால் சுவரில் ஆணிதான் இருந்தது. போட்டோவைத் தன் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். காலையில் பீரோவைத் திறந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு மூடுவார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அப்போது அதையே என் தரப்பில் பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, "பாப்பா, நானும் முழுக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார். நடுரோட்டில் குதிக்காத குறை எனக்கு. அந்த வாரமே அவராகப் போய் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார். தண்ணீரில் இறங்குகிறவர்கள் வெள்ளை உடுத்துவது எங்கள் வழக்கம்.

அவருக்கு வகுப்பை வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில் எடுத்தேன். பெற்ற அப்பா என்று நோட்டில் சலுகை கிடையாது, அவர் பெயரையும் மற்ற நாலு பேருக்குக் கீழே எழுதினேன். பாவத்தைப் பற்றிச் சொன்னபோது, "அதுக்கு எதுக்கும்மா பாடம்? முப்பது வருஷம் கவர்மென்ட் வேலை பார்த்திருக்கேனே" என்று சிரித்தார். சிலுவையைப் பற்றிச் சொன்னபோது அந்த வாசகத்தைத் தானே ஒரு முறை படித்துவிட்டு, "விசுவாசிக்கிறேன்" என்றார். உயிர்த்தெழுதல்தான் அவருக்கு எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது. நான் விளக்கி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார். ஒன்பது டிக் விழுந்தது.

பத்தாவதைப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப உங்கம்மா?"

இதே கேள்வியை வகுப்பில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தேவன் நீதியுள்ளவர், தீர்ப்பு அவர் கையில், நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அதையே அப்பாவிடமும் சொன்னேன். சொல்லும்போது குரல்கூட மாறவில்லை என்பதுதான் இப்போது எனக்குத் தாங்கவில்லை.

"அது சரிம்மா. ஆனா இதுல எழுதியிருக்கறது அப்படி இல்லையே. நம்பாதவங்க அங்கன்னு தானே எழுதியிருக்கு? அவளுக்கு யாரும் சொல்லவே இல்லையே, எப்படி நம்புவா?"

"அப்பா, பத்தையும் ஒத்துக்கிட்டாத்தான் முழுக்கு."

"ஒம்போதுக்கு மனசார சொன்னேன். இதையும் வாயால சொல்லிட்டுப் போயிடலாம், உனக்கும் சந்தோஷம். ஆனா கீழ இறங்கிப் பார்க்காத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்ல பாப்பா. அவ அங்க இருக்கான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அப்படியே இருந்தாலும் அவ தனியா இருப்பாளே."

ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டேன். அதே பதில். அவர் பெயருக்கு நேரே, பத்தாவது கட்டத்தில், இன்ட்டுக் குறி போட்டேன். பொய் சொல்லி டிக் வாங்கத் தெரியாத மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அந்த நேர்மைக்கு நான் போட்ட மார்க் அதுதான். "அடுத்த தடவை பார்க்கலாம்ப்பா" என்றேன்.

"சரி பிடு. அதுக்கேன் தலையைக் கெடுத்துக்கற?" என்றார். விடு என்பதற்கு பிடு என்று கன்னடத்தில் சொல்வதுதான் அவர் வழக்கம். பிறகு எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

முழுக்குக்குக் குறித்திருந்த ஞாயிறு காலை இரண்டு வேனில் காவேரிக் கரைக்குப் போனோம். அப்பாவும் வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் அவராகவே வேனில் ஏறிவிட்டார். நாலு பேர் வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்க, போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக அழைத்தார். அப்பா படித்துறையில் மடித்த துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றார். நனைந்து மேலே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைப் பிரித்துத் தோளில் போட்டார். நாலாவது ஆளுக்கும் போட்ட பிறகு கையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை மறுபடி மடித்து வேனில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த முழுக்கு ஆறு மாதம் கழித்து என்று இருந்தது. நாலாவது மாதம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வேளைக்குப் பத்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, விசுவாசிக்கிறீங்களா? சொல்லுங்கப்பா, ஒரே ஒரு வார்த்தை" என்று கேட்டேன். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "சாப்பிட்டியா?" என்றார். நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரிசெய்து என்னை வெளியே அனுப்பினாள். சாயங்காலம் போய்விட்டார்.

கொள்ளேகாலிலிருந்து சித்தப்பா வந்தார். எங்கே கொண்டுபோவது என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சபையின் கல்லறைத் தோட்டத்தில் முழுக்கு எடுத்தவர்களுக்குத்தான் இடம். பீரோவிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். தைத்து வாங்கிய மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. சித்தப்பா விபூதியோடு வந்து, "அண்ணன் நெத்தி வெறுமையா போகக் கூடாது கண்ணு. கோவிச்சுக்காதே" என்றார். நாலு வருடமாக அந்த வீட்டில் நான் அனுமதிக்காத விபூதி. "வைங்க சித்தப்பா" என்றேன். போதகரும் சபையாரும் கேட்டுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் சபைக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு நாள் போதகர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஐயா, எங்கப்பா எங்க இருக்கார்?"

அவர் நல்ல மனிதர். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு வாதாடவில்லை. "உங்கப்பாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல என்ன பேச்சு நடந்துச்சோ, நமக்குத் தெரியாதும்மா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாதுன்னா அப்ப ஏன் அவருக்கு முழுக்குக் கொடுக்கல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே சிஸ்டர், அப்பா இன்னும் தயாராகலன்னு சொன்னீங்க?"

நோட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது டிக், ஒரு இன்ட்டு. அவர் முகம் மாறிவிட்டது.

"பத்தையும் சொல்லித் தரணும்னுதாம்மா சொன்னேன். பரீட்சை வைக்கச் சொல்லலையே. தண்ணியில நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இயேசுவை உன் ரட்சகரா ஏத்துக்கறியான்னு. நீங்களும் அதுக்குத்தானே பதில் சொல்லிட்டு இறங்கினீங்க? பத்தாவது எனக்கே ராத்திரி தூக்கம் வராம பண்ற விஷயம். அவரை ஒரு தடவை என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."

உண்மைதான். என்னிடம் அவர் கேட்டது அந்த ஒரே கேள்வி. தண்ணீரில் நின்று நானே காதால் கேட்டு, வாயால் பதில் சொன்ன கேள்வி. அதற்கு அப்பாவின் பதில் எனக்கு நாலாவது டிக்கிலேயே தெரியும்.

இப்போது மறுபடி சபைக்குப் போகிறேன். ஏன் என்று கேட்டால், எனக்கு வேறு யாரிடம் போய் அழத் தெரியும்? வகுப்பும் எடுக்கிறேன். போதகர் கட்டாயப்படுத்தவில்லை, தமிழில் எடுக்க வேறு ஆள் இல்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள், என் வயதுதான் இருக்கும். பத்தாவதைப் படித்து முடித்ததும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எங்க அப்பா போன வருசம் செத்துட்டாரு. சாமி கும்புடறவரு. அவரு எங்க இருப்பாரு?"

தேவன் நீதியுள்ளவர், தீர்ப்பு அவர் கையில் என்ற என் பழைய பதிலை அவளிடம் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அப்ப நான் இதுக்கு என்ன சொல்லட்டும்?"

"தண்ணியில பாஸ்டர் ஒரு கேள்விதான் கேப்பார். இயேசுவை ரட்சகரா ஏத்துக்கறியான்னு. அதுக்கு உனக்குப் பதில் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"போதும்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போதும் என்று சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.