மூன்று டியர், நான்கு டியர்

குரூப் போட்டோ எடுத்துப் பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: முகத்தைப் பிடிப்பது சுலபம், வரிசையாக நிறுத்துவதற்குள் உயிர் போய்விடும். 1930-களில் மலாக்காவில் எனக்குச் சோறு போட்டது ‘டியர்’ என்கிற இங்கிலீஷ் வார்த்தை. காதலியைக் கூப்பிடுகிற டியர் இல்லை, இது வேறு. அடுக்கு என்று அர்த்தம். அந்தஸ்து என்றும் அர்த்தம். ரப்பர் தோட்டத்துப் படத்தில் இரண்டும் ஒன்றுதான். முன்னால் நாற்காலியில் துரையும் கணக்கெழுதும் கிராணிமாரும், பின்னால் நின்றபடி ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமார், அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற சனங்கள்.

துரை கேட்ட கண்ணீர்

டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டம். சீமைக்குத் திரும்பும் துரைக்குப் பிரிவுபசாரப் படம். “த்ரீ டியர்ஸ்!” என்று துரை கையைத் தட்டினார். இங்கிலீஷில் கண்ணீருக்கும் அதே உச்சரிப்பு. பெரிய கிராணிக்குத் தெரிந்தது அந்தக் கண்ணீர் மட்டும்தான். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: “தொரை போறாருல்ல, ஆளுக்கு மூணு சொட்டு கண்ணீர் விடணுமாம். அழுங்க!”

இரண்டு பெண்கள் நிஜமாகவே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துரை முழித்தார். ஒரு கங்காணி பணிவாகச் சொன்னார்: “இவரு போறதுக்கு அழுகை வரலீங்க. அடுத்து வர்ற தொரைய நெனச்சு வேணும்னா அழறோம்.”

தலைப்பாகை

விஷயத்தை விளக்கி, மூன்று அடுக்காக நிறுத்திவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பெஞ்சில் நின்ற மாரியாயியின் முகத்தைக் காணோம். குள்ளமான பெண்; முன்னால் நின்ற அதே கங்காணியின் தலைப்பாகை மறைத்துவிட்டது. அந்த முகம் படத்தில் விழுந்தே ஆகவேண்டும். அவள் காலையிலேயே என்னிடம் வந்திருந்தாள். அவள் காய்ச்சலில் செத்துப்போனதாக யாரோ ஊரில் சொல்லிவிட, சேலத்தில் அவள் தாய் காரியமே செய்து முடித்துவிட்டாளாம். “கடுதாசி போட்டும் நம்பலீங்கண்ணே. கடுதாசி யாரு வேணும்னாலும் எழுதலாம், மூஞ்சிய எழுத முடியுமா?”

தலைப்பாகையைக் கொஞ்சம் கழற்றச் சொல்லிக் கங்காணியிடம் கெஞ்சினேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். “இத கழட்டிட்டா நானும் பெஞ்சுல நிக்கிறவனாத்தான் தெரிவேன், தம்பி.”

நான்காவது அடுக்கு

“ஃபோர் டியர்ஸ், சார்!” என்று நானே ஒரு போடு போட்டேன். நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் பாயை விரித்துப் பெண்களை உட்காரவைத்தேன். நாற்காலியைவிடத் தரை தாழ்வுதானே, யாருக்கும் அந்தஸ்து குறையவில்லை. கிராணிக்குப் பரம திருப்தி. மாரியாயி துரைக்கு நேர் முன்னால், கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாய்க்கு அனுப்ப அவளுக்கென்று ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன்.

மாதங்கள் கழித்து என் கடைக்கே வந்து, தாயின் பதில் கடிதத்தை நீட்டி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். யாரையோ வைத்து எழுதியது. படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே கிராணி கேட்ட அந்த மூன்று சொட்டும் எனக்கு வந்துவிட்டது. கடிதத்தில் இருந்தது இதுதான்: “ஆயி, நீ முன்னுக்கு உக்காந்திருக்கிறதப் பாத்து உசுரு வந்துச்சு. ஒனக்குப் பின்னால நாக்காலியில இருக்கிற வெள்ளக்காரன் யாரு, ஒங்கிட்ட வேல பாக்கிறவனா?”

இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைதான். அதற்கும் சரியான அர்த்தம் சொன்னது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சேலத்து அம்மாள்.