துண்டுக்கு அடியிலும் சட்டம்

அறுபத்திரண்டோ அறுபத்து மூணோ, வருஷம் சரியாக நினைவில்லை. புரட்டாசி மாசம். செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ரெண்டு அறை எழுப்பி, ஓடு போட்டு, வாடகைக்கு விடலாம் என்று இருந்தோம். நான் மூணாங்கிளாசோடு நின்றவள். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் ஓட்டிக்கொண்டே இருப்பார். வீட்டில் ராஜ்ஜியம் என்னுடையது. மலைமேல் இருக்கிற கோட்டையை யார் யாரோ பிடித்தார்கள், விட்டார்கள். என் வீட்டு வாசலை என்னைக் கேட்காமல் ஒரு பூனை தாண்டியதில்லை.

குடி வருகிறவர்கள் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கணும். அதனால் 'நம்ம ஆளுங்க'தான் வரணும் என்று வைத்திருந்தேன். வேதக்காரங்களாக, அதாவது கிறிஸ்தவங்களாக இருந்தால் மட்டும் போதாது, வேதத்திலும் எங்கள் சாதி ஆட்களாக இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் வரிசையில் நின்று ஒரே சாமியார் கையால் நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இப்படி நினைத்தவள் நான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஊரில் ஒரு தரகர் இருந்தார். மாட்டுத் தரகு, வீட்டுத் தரகு, கல்யாணத் தரகு மூணும் அவரே. முன்னெல்லாம் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் மூணு தலைமுறைக்கு ஒப்பிப்பார். அந்த வருஷம் அவர் வாய் அடைத்துப் போயிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம், உங்க ஆளுங்களுக்கு இந்தத் தெருவுல வீடு கெடைக்காது என்று டீக்கடையில் நின்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் அரைநாள் உட்காரவைத்து, தீண்டாமைச் சட்டத்தைப் படித்துக் காட்டினார்களாம். வீட்டைக் காட்டு, வாடகையைச் சொல்லு, இன்னாருக்கு ஆகும் இன்னாருக்கு ஆகாதுன்னு வாயைத் தொறந்தா உள்ள வெச்சிடுவோம் என்று. அன்றிலிருந்து மனுஷன் ஜன்னல் எத்தனை, கதவு எத்தனை, அதற்குமேல் பேசுவதில்லை.

அவர்தான் அந்த நர்சம்மாவைக் கூட்டி வந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாசம். வீடு கிடைக்காமல் ஆஸ்பத்திரியிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டிருந்தாங்க. புருஷன் பட்டாளத்தில். ரெண்டு வயசுப் பெண் குழந்தையை ஊரில் தன் அம்மாவிடம் விட்டிருந்தாங்க. வீடு அமைந்தால்தான் கூட்டி வர முடியும்.

"போன வாரம் பார்க்கப் போயிருந்தேன்க்கா. என்னைக் காட்டி, இது யாருன்னு ஆயாவைக் கேக்குது" என்று சிரித்தாங்க. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்து, தூளி கட்டினால் தாங்குமா என்று கேட்டாங்க. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுத் தரகரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அது இன்னா ஆளுங்க?"

"மூணு ஜன்னலும்மா."

"ஜன்னலைக் கேக்கல. அந்தப் பொண்ணு இன்னா ஆளுங்க?"

"நர்சு ஆளுங்க."

"அது வேலை."

"எனக்குத் தெரிஞ்சது அதான் தாயி. காத்து நல்லா வரும்" என்று கிளம்பிவிட்டார்.

சந்தையில் மாடு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் துண்டை விரித்துப் போட்டு, அதற்கு அடியில் கையைப் பிடித்து விரலை அமுக்கிச் சொல்வார். எனக்கு யோசனை ஓடியது. வாயால் சொல்லக்கூடாது என்றுதானே சட்டம், விரலால் சொல்லட்டுமே. மறுநாள் வீட்டுக்காரரைத் தயார் பண்ணினேன். நம்ம ஆளென்றால் ஒரு விரல், வேற ஆளென்றால் ரெண்டு.

"நாம இன்னா மாடா புடிக்கிறோம்?" என்றார். ஆனாலும் தரகரைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, விரல் கணக்கைச் சொல்லி, எதிரில் போய் உட்கார்ந்தார்.

துண்டு விரிந்தது. ரெண்டு பேர் கையும் உள்ளே போனது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. இன்னா சொல்றாரு என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சிக்கினு உட மாட்றான்டி."

தரகர் கையை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மா, துண்டுக்கு அடியிலயும் சட்டம் இருக்குது. நான் புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் நானில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லா வெள்ளிக்கிழமையும் சுத்தபோசனம். மீன் சாப்பிடலாம், கறியும் கோழியும் கூடாது. நர்சம்மாவை வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொன்னேன். கோழியைத் தொடாவிட்டால் வேதம், தொட்டால் வேதமில்லை. பாதி தெரிந்துவிடும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

வெள்ளிக்கிழமையில் என் அடுப்பில் கறி ஏறியதே கிடையாது. அன்றைக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழியை அடித்தேன். வாசனை மாதா கோயில் பக்கம் போய்விடக் கூடாது என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு சமைத்ததில் புகை மண்டிக் கண் ரெண்டும் வீங்கிவிட்டது. நர்சம்மா வந்ததும் முதல் காரியமாக என் இமையை இழுத்துப் பார்த்தாங்க. இலை போட்டுப் பரிமாறினேன். எனக்கு ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

"நீங்க ஏன் கோழி போட்டுக்கல?"

"வயிறு சரியில்ல."

"கண்ணும் சரியில்ல, வயிறும் சரியில்லயா? நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன்.

"நாக்கு நல்லாத்தானே இருக்குது" என்ற நர்சம்மாவின் பார்வை, சுவரில் இருந்த மாதா படத்துக்குப் போனது. அங்கிருந்து காலண்டருக்குப் போனது. பிசைந்த சோற்றோடு கை நின்றுவிட்டது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சேக்கா. நான் படிச்சது மிஷன் ஆஸ்பத்திரியில. எனக்குத் தெரியும்."

நான் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"என்னைப் பத்தி இன்னா தெரியணுமோ கேளுங்க, சொல்லிடறேன். அதுக்கு ஒரு கோழியை ஏன்க்கா கொல்லணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு கொடுத்திருப்பேன். சண்டையில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்பது போலக் கேட்டாங்க. கேட்டுவிட்டுக் காத்திருந்தாங்க. அந்தக் கேள்விக்குப் பல வாசலில் நின்று பதில் சொல்லிப் பழகின முகம் அது. பத்து நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வி எனக்கு வெளியே வரவில்லை.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றேன்.

"ஊத்துங்க. செத்தது வீணாவக் கூடாது" என்று ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிட்டாங்க.

மறுநாள் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கோழி சமைச்சேன் சாமி என்றேன். சாப்ட்டியா என்றார். இல்ல சாமி, விருந்தாளிக்கு என்றேன்.

"அவங்க வேதமா?" என்று சாமியார் கேட்டார்.

"அதைத் தெரிஞ்சிக்கத்தான் சாமி..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு, தெரியல என்று முடித்துவிட்டேன். மாதாவுக்கு மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். முழங்காலில் நின்று மூணையும் சொன்னேன். சமைத்ததற்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. எதற்காகச் சமைத்தேன் என்பதை நான் சொல்லவே இல்லையே. அதற்கு மன்னிப்பு யாரிடம் வாங்குவது? எழுந்தேன். வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

ஊசி போட வரிசை நின்றிருந்தது. சாவியை நர்சம்மா கையில் வைத்தேன். வாங்கினாங்க, ஆனால் விரலை மடக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலியேக்கா?"

இருந்த கௌரவத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னேன். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. சட்டம்."

அப்போதுதான் சாவிமேல் விரலை மடக்கினாங்க. பிறகு சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது.

ரெண்டு நாளில் குழந்தை வந்துவிட்டது. வந்து செய்த முதல் காரியம், என் பித்தளைச் சொம்பை என் கிணற்றில் போட்டதுதான்.

ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தாங்க. என்ன ஆளுங்க என்பது கொஞ்ச மாசத்தில் தானாகத் தெரிந்தது. தரகர் சொல்லாததை நானும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று பொய்யும் எழுத மாட்டேன். முதலில் அவங்க வாளி கிணற்றில் இறங்கினால் என் காது அங்கே போகும். அது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. மனசு மெதுவாக நடந்து வந்து சேருகிற வரைக்கும் என் வாயைப் பிடித்து வைத்திருந்த அந்தச் சட்டத்தை, அதில் ஒரு வரிகூடப் படிக்காத நான், இன்றைக்கும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.