பெட்டிக்குள் எரிந்த வெளிச்சம்

பிள்ளைகளா, மாடியில் நான் கட்டியிருந்த செம்புக் கம்பியைக் கொடி என்று நினைத்து உங்கள் அம்மா துணி காயப்போட்டது நினைவிருக்கும். அந்தக் கம்பியைப் பற்றி உங்களிடம் ஒரு தப்பைச் சொல்லிவிட்டேன். அதை எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாவது முடித்து மில்லுக்குப் போனவன். காற்றில் சும்மா கிடக்கும் மின்சாரத்தைப் பிடித்து விளக்கெரிப்பதை செல்போன் வீடியோவில் ஒருவர் செய்து காட்டினார். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. உயரத்தில் ஒரு கம்பி, மண்ணில் ஓர் இரும்பு முளை, நடுவில் பழைய ரேடியோவில் கழற்றிய நான்கு டையோடு, மின்சாரத்தைச் சேர்த்து வைக்க இரண்டு கெப்பாசிட்டர், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. ஒரு வாரம் எதுவும் எரியவில்லை. வெடித்துக் கிடந்த கரிசலில் முளை பிடிப்பில்லாமல் ஆடியது. ஈர மண்ணில்தான் மின்சாரம் நன்றாக இறங்கும் என்று அதனடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

"குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறாக. தழைக்கட்டும், கீரை பறிச்சுக் குழம்பு வைப்போம்" என்றாள் உங்கள் அம்மா.

அன்றைக்கு எரிந்தது. கடுகளவு சிவப்பு. இருட்டுக்காக அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்; உள்ளே தலையை விட்டால்தான் தெரியும். மகளே, நீதான் முதலில் பார்த்தாய். "பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதைத்தாம்ப்பா கொண்டு போறேன்" என்று, 'ஆகாயத்துக் கரண்டு' எனப் பெயர் அட்டையும் எழுதிவிட்டாய்.

மறுநாள் சனிக்கிழமை. பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். பெட்டியும் இருண்டது.

"ஏம்ப்பா, கரண்டு போனதும் இதுவும் போயிருச்சு?"

"கெப்பாசிட்டர் காலியாயிருக்கும்த்தா" என்றேன்.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்ததும் பெட்டிக்குள் வெளிச்சமும் வந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாடியோரம் போகும் மின்கம்பியிலிருந்துதான் என் கம்பி வாங்கிக்கொண்டிருந்தது. ஆகாயம் ஒன்றும் தரவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால் யாராவது கேட்டால் திணறப்போவது நீ. சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"அப்ப லைன்மேனுக்குத் தெரியாம கரண்டு எடுத்திருக்காக" என்று உன் தம்பி சிரித்தான். நீ சிரிக்கவில்லை. 'ஆகாயத்து' என்பதை அடித்து, மேலே 'லைனிலிருந்து சிந்தும்' என்று எழுதினாய். வேறு அட்டை வாங்கித் தருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. எப்படிக் கண்டுபிடிச்சோம்னு கேப்பாகல்ல."

அடுத்த மாதம் மின்சாரம் நிறுத்திய நாளில் நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். அம்மா பந்தல்குடிக்குப் போயிருந்தாள். ஆகாயம் துளியாவது தராதா என்று, முளையடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டேன். இருட்டுதான். கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.