மணிக்கட்டுக் கேள்வித்தாளோடு மொன்றியலில்

மொன்றியல் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இங்கே இருக்கும் தமிழர்களிடம் கை விறைக்கிறதா என்று கேட்கப் போகிறேன் என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "ஏன், உங்கள் ஊரில் தமிழர்கள் இல்லையா?" என்றார். நியாயமான கேள்விதான். கோயம்புத்தூரில் தடுக்கி விழுந்தால் தமிழர் மேல்தான் விழ வேண்டும்.

விஷயம் இதுதான். நான் கை நோய்களுக்கான பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதன் வழியாகப் போகும் நரம்பு நசுங்கினால் விரல்கள் மரத்துப்போகும், ராத்திரியில் தூக்கம் கெடும், முற்றவிட்டால் கட்டைவிரல் தசையே கரைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் செய்த ஒரு கேள்வித்தாளை நாங்கள் தமிழாக்கினோம். நம்மூரில் சோதித்துப் பார்த்தாயிற்று. மொன்றியலில் நரம்புச் சோதனைக்கூடம் நடத்தும் ஒரு கியூபெக் மருத்துவரிடம் ஆலை வேலை செய்யும் ஈழத்தமிழர்கள் நிறைய வருகிறார்கள். பிரெஞ்சுத் தாள் அவர்களுக்கு உதவவில்லை, எங்கள் தாள் உதவுமா என்று பார்க்கக் கூப்பிட்டார். 2007 செப்டம்பரில் இரண்டு வாரம் போனேன். சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக டிக்கெட், செலவு ஆய்வுக் கணக்கில். இல்லாவிட்டால் என் சம்பளத்துக்கு ஊட்டியே அதிகம்.

தங்கியது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். தீவின் மேற்கு நுனி. அங்குள்ள பல்கலைக்கழக வேளாண் வளாகத்தில் படிக்கும் என் தோழியின் தங்கை கார்த்திகாவின் அறையில் ஒரு மெத்தை கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், டாக்சிக்கு முப்பத்தைந்து டாலர். டாக்சி ஓட்டுநர் ஹெய்தி நாட்டுக்காரர். "இந்தியாவா? அங்கே இதைவிட நல்ல வெயிலாயிற்றே, இங்கே எதற்கு?" என்று அவரும் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஊர் சின்னது, அழகானது. ஆற்றங்கரை நெடுகப் பலகை நடைபாதை. படகுகளை மேலே தூக்கி இறக்கும் மதகு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கக் காசு கிடையாது. இங்கிருந்து 211ஆம் எண் பஸ் ஏரியோரமாகவே போய் லியோனல்-க்ரூ மெட்ரோவில் விடும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வாரப் பாஸ் பத்தொன்பது டாலர் சொச்சம். இடப்பக்க சன்னலில் உட்கார வேண்டாம், ஏரி முழுக்க வலப்பக்கம்தான்.

ஆனால் நான் போக வேண்டிய வீடுகள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். அங்கே பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழிந்துவிடும். சென்-ரெஜிஸ் சாலை முருகன் கோயிலில் விசாரித்தபோது சிவநேசன் அண்ணை கிடைத்தார். ஐம்பது வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் சும்மா இருப்பது அவருக்கு ஆகாது.

"எங்கட சனத்துக்குத்தானே செய்யிறீங்கள், நான் கொண்டுபோறன். பெற்றோலுக்கும் ஒண்டும் தரவேண்டாம்," என்றார்.

அவர் வண்டியில் ஏறியதிலிருந்து நான் 'இந்தியாவில இருந்து வந்த பெரிய டொக்டர்' ஆகிவிட்டேன். டாக்டர் இல்லை அண்ணை, பிசியோதெரபிஸ்ட் என்று வீட்டுக்கு வீடு திருத்தினேன். "ஓம் ஓம், அதுதான்," என்பார். அடுத்த வீட்டு வாசலில் மறுபடியும் டொக்டர்.

எனக்குப் பயமெல்லாம் சொற்களைப் பற்றித்தான். நாம் மரத்துப்போகிறது என்போம், அவர்கள் விறைக்குது என்பார்கள். இரண்டையும் தாளில் போட்டிருந்தேன். பொத்தான் போடுவதோடு சேலைக்கு ஊசி குத்துவதையும், புத்தகம் பிடிப்பதோடு சோறு பிசைவதையும் சேர்த்திருந்தேன். ஒரு சொல்லும் யாருக்கும் இடறவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

முதல் வீடு சிவநேசன் அண்ணையின் வீடேதான். அவர் மனைவி மலர் அக்கா சென்-லோரனில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பையைப் பிழிந்து பிழிந்து கேக்குகளுக்கு கிரீம் பூப் போட வேண்டும், பதினான்கு வருடமாக அதே வேலை. இதைக் கேட்டதுமே, இந்தக் கை நிச்சயம் நம் கை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். பெயர் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வந்துவிட்டன. இடியப்பம் சிவப்பரிசி மாவு, உரல் என்று அவர்கள் சொல்லும் அச்சில் கையால் பிழிந்தது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, ஒன்றுபோல் ஒன்று.

"முதல்ல சாப்பிடுங்கோ, பேந்து கதைக்கலாம்," என்றார் மலர் அக்கா.

நேரத்தை மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு. சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறேனே அக்கா என்று இடக்கையால் தாளைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி வலியால் எழுந்திருக்கிறீர்களா? "இல்லை." வீட்டு வேலையில் சிரமம்? "ஒரு கரைச்சலும் இல்லை." போத்தல் மூடி திறப்பது, பை தூக்குவது, சோறு பிசைவது? "ஒண்டுமில்லை பிள்ளை, இன்னும் ரெண்டு வைக்கட்டே?" இன்னும் இரண்டு வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்று கையை உதறினார். கழுவிய தண்ணீரை உதறுகிறார் என்று நினைத்தேன்.

"நான் சொன்னன்தானே, அவவுக்கு ஒண்டுமில்லை," என்றார் அண்ணை, தன் தட்டிலிருந்து நிமிராமல்.

அந்த ஆய்வின் விதி ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் தாளில் ஒரு அளவுக்கு மேல் மதிப்பெண் வந்தவர்களுக்கு மட்டும் நான் ஊர் திரும்புவதற்குள் நரம்புச் சோதனை, காசில்லாமல். மற்றவர்கள் தேவைப்பட்டால் வழக்கமான வரிசையில் நிற்க வேண்டும், அது மாதக்கணக்கில் நீளும். மலர் அக்காவின் மதிப்பெண் அடிமட்டத்தில் இருந்தது. நோயில்லாதவர் பக்கம் சேர்த்தேன்.

மூன்று நாளில் பதினொரு வீடு. எல்லா வீட்டிலும் இதே கதை, இதே உபசரிப்பு. மாலையில் கார்த்திகா இரவுச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். எடை கூடியதைத் தவிர வேறு முன்னேற்றமில்லை. பதினொரு வீட்டிலும் ஏறக்குறைய யாருக்கும் ஒன்றுமில்லை. கோயில் மண்டபத்தில் தாளை நிரப்பியவர்களுக்கு மட்டும் எல்லாமே இருந்தது. முருகன் சந்நிதியில்தான் நரம்பு நசுங்குமோ என்று மருத்துவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மாதிரி ஆய்வில் அதே ஆளிடம் ஒரு வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும். கை மாறாதபோது பதிலும் மாறக்கூடாது, மாறினால் தாள் சரியில்லை என்று அர்த்தம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணை, "வந்ததுக்கு ஆத்தையாவது பாருங்கோ," என்று என்னையும் மலர் அக்காவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இல்-பிசாரைக் குறுக்கே கடந்து லவாலுக்குப் போகும் படகுத்துறை. இல்-பிசார் வீடுகளெல்லாம் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் அமைதியான தீவு. படகு கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் மட்டும்தான் ஓடும். கார் உட்பட நாலு டாலர் கொடுத்த ஞாபகம். தண்ணீருக்குள் கிடக்கும் இரும்புக் கயிற்றைப் பிடித்தபடி போகிறது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. மேப்பிள் மரங்களில் நுனி மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு கார்கள். பின்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில் மலர் அக்கா. சும்மா இருப்பானேன் என்று இரண்டாவது தாளை எடுத்தேன்.

"ராத்திரி கை வலியால எழுந்திருக்கிறீங்களா அக்கா?"

"ஓம்."

பேனா நின்றது. "எத்தனை தடவை?"

"மூண்டு, நாலு தரம். எழும்பி உதறிப்போட்டுத் திரும்பப் படுப்பன்."

சோறு பிசைவது சிரமம், கடுமை. போத்தல் மூடியைப் பல்லால் திறக்கிறாராம். இடியப்ப உரலை இரண்டு கையாலும் வயிற்றில் முட்டுக்கொடுத்துத்தான் பிழிய முடிகிறதாம். ஒரே ஆள், ஒரே கை, ஒரே வாரம், இரண்டு தாளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டு வருட உழைப்பு ஆற்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

"போன வாரம் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே அக்கா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன கிழமை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்? இதைப் பிழிஞ்சதில எனக்குக் கை உளையுதெண்டு சாப்பிடுற ஆளுக்கு முன்னால சொல்லலாமே? பேந்து உங்களுக்குத் தொண்டையால இறங்குமே?"

நானும் தமிழச்சிதான். என் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காய்ச்சலோடு வடை சுட்டுவிட்டு எனக்கென்ன, நல்லாயிருக்கேன் என்பவள்தான். இது எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முன்னிருக்கையில் அண்ணை திரும்பியிருந்தார். முன்னால் இருந்த கார்கள் படகில் ஏறிவிட்டன, பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், அவர் அசையவில்லை. "நாலு தரமோ? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே மலர்."

"நீங்களும் எந்த நேரமும் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்," என்றார் அவர்.

அண்ணை வண்டியைப் படகில் ஏற்றினார். லவாலில் ஒரு டெபனரில், அதாவது மூலைக்கடையில், நிறுத்தி, மூன்று காப்பியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு சங்கடம். மலர் அக்காவுக்குச் சோதனை கிடைக்க வேண்டுமானால் முதல் தாள் செல்லாது என்று நான் சொல்ல வேண்டும். அது செல்லாதென்றால் சாப்பாட்டு மேசையில் நிரப்பிய பதினொன்றும் செல்லாது. பிறகு இந்தப் பயணத்தில் ஆய்வு முடியாது, கோயம்புத்தூரில் காத்திருப்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் தாள்கள் தப்பிக்கும், அந்தக் கட்டைவிரல் தப்பிக்காது. நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. திங்கட்கிழமை காலை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: சாப்பாடு வேண்டாம் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை? பதினொரு தாளையும் ஓரமாக எடுத்துவைத்தார். புதன்கிழமைக்கு மலர் அக்காவுக்கு இடம் போட்டார். மற்ற பத்து பேரிடமும் கோயில் மண்டபத்தில், வெறும் மேசையில், அவருடைய உதவியாளர் மறுபடி முதலிலிருந்து கேட்பதாக முடிவாயிற்று. ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நான் எதிர்பார்த்த அளவுக்கு வருத்தம் வரவில்லை.

புதன்கிழமை அண்ணை லீவு போட்டுவிட்டு வந்தார். பஸ் ஓட்டத் தொடங்கியதிலிருந்து முதல் லீவாம். வலக்கை நரம்பு மணிக்கட்டில் மோசமாக நசுங்கியிருந்தது. கட்டைவிரல் தசை இளைக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் கரைந்துவிடவில்லை. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார், அதுவரை ராத்திரியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். மலர் அக்கா என்னிடம், "அப்ப கேக்குக்கு ஆர் பூப் போடுறது?" என்று மட்டும் கேட்டார்.

இதைப் படித்துவிட்டு மொன்றியல் போகிறவர்களுக்குக் கொஞ்சம் குறிப்புகள். செப்டம்பர் நல்ல மாதம், காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும். மேற்குப் பக்கத்தில் தங்கினால் வாடகை குறைவு, ஆனால் கார் உள்ள ஒரு சிநேகிதர் அவசியம். கடைகளில் முதலில் போன்ஜூர் சொல்லிவிட்டால் பிறகு ஆங்கிலத்துக்கு யாரும் கோபிப்பதில்லை. படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சுற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். கேள்வித்தாளோடு போகிறவர்கள் முதலில் கேளுங்கள், பிறகு சாப்பிடுங்கள். அல்லது வண்டியில் வைத்துக் கேளுங்கள். கேள்வித்தாள் இல்லாதவர்களும் தங்கள் வீட்டிலேயே ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம்.

வியாழக்கிழமை, ஊர் திரும்புவதற்கு முதல் நாள், விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனபோது மலர் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் சிவநேசன் அண்ணை, முழங்கை வரை மாவு, இடியப்ப உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சுடுதண்ணி காணாது. இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்று நாற்காலியிலிருந்து உத்தரவு வந்தது.

"நீ பேசாமல் இரு. நான் நாற்பது பிள்ளையளை வைச்சு பஸ் ஓடுறனான்."

ஒன்று தோசை மாதிரி பரந்திருந்தது, ஒன்று கொழுக்கட்டை மாதிரி உருண்டிருந்தது, மற்றவை உலகத்தில் எதைப் போலவும் இல்லை. முதல் தட்டை எனக்கு வைக்கவில்லை. மலர் அக்காவின் முன்னால் வைத்து, ஒரு கரண்டியும் வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"எப்பிடி?" என்றார்.

மலர் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டார். அவரை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாயிருக்கு," என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்ன பதில். ஆகவே நான் கணக்கில் சேர்க்கவில்லை. அண்ணை சேர்த்துக்கொண்டார்.