ட்ரூடி சாட்சி சொன்ன நாள்

பொழுது விடியுமுன்பே சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பிய வேனில் ட்ரூடி ஹால்வர்சனுக்குக் கடைசி இருக்கைதான் கிடைத்தது. முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் போல நீலப்படங்களில் நடிப்பவர்கள். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு பேங்க் வேலைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை அமர்த்தியவர் தயாரிப்பாளர் வாஹே. சாண்ட்விச்சும் அவர் செலவுதான்.

மாநில வேலைப் பாதுகாப்பு வாரியம் புதிதாக ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. எல்லாப் படப்பிடிப்பிலும் ஆணுறை கட்டாயம். கண்ணில் எதுவும் தெறிக்காமல் இருக்கக் கண்ணுக்கும் காப்பு வேண்டும். அதை எதிர்த்துப் பேசத்தான் ஓக்லண்டுக்கு இந்தப் பயணம்.

"வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எவன்டி கொஞ்சுவான்?" என்றாள் பக்கத்தில் இருந்த யெசேனியா. வேன் முழுக்கச் சிரித்தது. ட்ரூடியும் சிரித்தாள். சிரிக்கும்போது அடிவயிற்றில் பழைய வலி ஒன்று சுருக்கென்றது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பேக்கர்ஸ்ஃபீல்டில் மளிகைக்கடைக் கல்லாவில் இருந்தவள், ஒரு விவாகரத்துக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தாள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அலுப்பு மட்டும் நிறைய இருந்தது. மாதத்துக்கு இரண்டு முறை பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அலுப்பு.

"நான் சும்மா வேண்டாம்னு சொல்லல ட்ரூடி," என்று யெசேனியா குரலைத் தாழ்த்தினாள். "மணிக்கணக்கா எடுக்கறாங்க. ரப்பர் உரசி உரசிப் புண்ணாயிடுது. புண்ணு வழியாத்தானே சீக்கு இன்னும் சுலபமா ஒட்டும்? சட்டம் போடறவங்க ஒரு நாளாவது அங்க வந்து நின்னிருக்காங்களா?"

"வந்து நின்னா அப்புறம் போக மாட்டாங்க."

"போடி. நீ என்ன பேசப்போற?"

"வாஹே எழுதிக் குடுத்ததைத்தான்."

வழியில் கோலிங்கா பக்கம் மாட்டுப்பட்டியின் நாற்றம் அடித்தபோது எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். ட்ரூடி அந்தத் தாளை மறுபடி படித்தாள். 'எங்கள் பரிசோதனை முறையே எங்களுக்குப் போதும்' என்று முதல் வரி. அதற்கு மேல் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டம் நடந்த அறையில் நாற்காலிகள் போதவில்லை. விதி வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் ஒரு பக்கம். ஒருவர் பின் ஒருவராக மைக்குக்குப் போனார்கள். வேண்டும் என்ற ஒரு மருத்துவர், 'பாவம் இந்தப் பெண்கள்' என்றார். வேண்டாம் என்ற ஒரு நடிகர், 'எங்களுக்கு வழிகாட்ட நீங்கள் யார்' என்றார். இரண்டுக்கும் கை தட்டினார்கள்.

ட்ரூடியின் முறை வந்தது. "உங்க பேரைச் சொல்லுங்க," என்றார் வாரியத் தலைவர். படத்தில் போடுகிற பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, சொந்தப் பெயரைச் சொன்னாள். தாள் கையில்தான் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"என்கூட நடிச்ச பையனோட பரிசோதனை சுத்தமாத்தான் இருந்துச்சு. பரிசோதனைக்கும் படப்பிடிப்புக்கும் நடுவுல அவனுக்கு ஒட்டியிருக்கு. அவனுக்கே தெரியாது, அவன் மேல தப்பு இல்ல. எனக்குக் கிளமிடியாங்கற சீக்கு வந்து, வெளிய எதுவும் தெரியாம உள்ளயே பரவி, கருக்குழாயை வெட்டி எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கம்பெனிக்குப் போன் பண்ணினேன். நீ எங்க வேலையாள் இல்லியே, உன் தொழிலை நீ பண்ற, உன் உடம்பு உன் பாடுன்னாங்க. இங்க எல்லாரும் ரப்பரைப் பத்தியே பேசறீங்க. போட்டாலும் புண்ணாகுது, போடலைன்னாலும் சீக்கு வருது. எங்கள வேலையாள்னு ஒத்துக்கச் சொல்லுங்க. டாக்டர் செலவு யாருதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பேசி முடிவு பண்ணிக்கறோம்."

இந்தப் பக்கமும் கை தட்டவில்லை, அந்தப் பக்கமும் தட்டவில்லை. "நன்றி, அடுத்தவர்," என்றார் தலைவர்.

சாயங்காலம் ஓட்டெடுத்தார்கள். போதுமான ஓட்டு கிடைக்காமல் விதி விழுந்தது. வேனில் வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ட்ரூடி யெசேனியாவைக் கட்டிக்கொண்டாள். யெசேனியாவின் சந்தோஷம் உண்மையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாஹே வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டியில வந்து எனக்கே ஆப்பு வைக்கிறியே, தங்கம்?"

"உங்க பேரை நான் சொல்லலியே வாஹே."

"சொல்லணுமா? அந்தக் கம்பெனி எதுன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்." அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அவருக்கும் அலுப்புதான். "சரி, ஏறு. குளிருது."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வயதாகிவிட்டது என்றார்கள், அதுவும் பொய்யில்லை. விதி வேண்டும் என்று போராடியவர்கள் ஒரு நாள் அவளைத் தேடி வந்து, பத்திரிகைக்குப் பேசச் சொன்னார்கள். 'பாவம்' என்ற வார்த்தையை இரண்டாவது முறை கேட்டதும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டாள். ரெஸிடாவில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிற கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரி அவள் முன்பு என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. முதுகு வலித்தது. ஆனாலும் அங்கே வழுக்கி விழுந்தால் செலவு கடைக்காரியுடையது என்று பின்னறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. முதல் நாள் அதை நின்று இரண்டு தடவை படித்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை யெசேனியா போன் செய்தாள்.

"ட்ரூடி, ஒரு மாதிரி எரியுதுடி. காய்ச்சலும் இருக்கு. போன வாரம் பரிசோதனை சுத்தமா வந்துச்சே..."

"இன்னிக்கு ஷூட்டிங் இருக்கா?"

"மத்தியானம்."

"வேண்டாம்னு சொல்லிடு. நான் வரேன், ரெடியா இரு."

"சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட மாட்டாங்கதான். சொல்லு."

மாவட்ட நிர்வாகத்தின் இலவச மருத்துவமனையில் கூட்டம் அதிகம். யெசேனியாவை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். ட்ரூடி பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் இரண்டு பேருடைய கைப்பைகளோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். தோளை யாரோ தொட்டார்கள். நர்ஸ்.

"அம்மா, நீங்களும் டாக்டரைப் பார்க்கணுமா?"

"இல்ல. உள்ள இருக்கற பொண்ணோட வந்தேன்," என்றாள் ட்ரூடி. "அவ வெளிய வர எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, நல்லாப் பாருங்க."