ருக்னுதீனின் ஹினா அத்தர்

ருக்னுதீன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அத்தர் பூசிவிடுவார்.

நாகூர்ப் பக்கத்திலிருந்து 1912இல் கப்பலேறி வந்தவர். மலாயாவில் பத்து பாகாட் என்னும் ஊரின் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை. அடுப்படியில் நிற்கும்போது உடம்பில் அத்தர் கிடையாது. குழம்பில் ஏறிவிடும் என்பார். கடை ஒழிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, ஹினா என்னும் மருதாணி அத்தரில் தொட்ட பஞ்சைக் காது மடிப்பில் செருகிக்கொள்வார். அரைத் தோலா பிடிக்கும் குப்பி சட்டைப் பையில் இருக்கும். ஹினா முதலில் காட்டமாக மூக்கில் ஏறும். கால் மணி நேரம் பொறுத்தால் இளகி, சந்தனமாகத் தங்கும். ஆளும் அப்படித்தான்.

ஒருநாள் பாலில் தண்ணீர் என்று சத்தம் போட்டு, பால்காரர் செல்லப்பனைக் குடத்தோடு திருப்பி அனுப்பினார். மறுநாள் மாலை அவரைத் தெருவில் மறித்து, குப்பியின் அத்தர் தோய்ந்த மூடியை நீட்டினார். செல்லப்பன் புறங்கையைக் காட்டினார். தேய்த்தாயிற்று, சண்டை முடிந்தது. ஒரு வாரம் கழித்துச் செல்லப்பன் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, “அடுத்த சண்டை எப்ப பாய்? வாசனை போயிருச்சு” என்றார். வீட்டில் மனைவி ஜெய்னம்பு இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். ஒன்று இன்றைக்கு, ஒன்று நாளைக்கு என்பார்.

1935இல் ருக்னுதீன் இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் மகன் அமீரிடம் ஆளுக்கு ஒன்றாக இப்படிச் சொன்னார்கள். சண்டை எதற்கு என்று ஒருவருக்கும் நினைவில்லை. கையில் தேய்த்தது நினைவிருந்தது. அமீர் கேட்டுக்கொண்டிருந்தான். தன்னுடையதைச் சொல்லவில்லை. அவனுக்குக் காரணமும் நினைவிருந்தது.

இரண்டு வருடம் முன்பு அவன் பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசித் தொழிற்சாலையில் பாய்லருக்கு விறகு போடுபவன். சர்க்கார் நடத்தும் ஆலை எஞ்சின் டிரைவர் பரீட்சை தேறினால் பாய்லர் அவன் பொறுப்பில் வரும். தேறாவிட்டால் கடைசிவரை விறகுதான். பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை, ஜொகூர் பாருவில். அழைப்புக் கடிதம் வீட்டு விலாசத்துக்கு வரவேண்டும். வரவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தான். உம்மா ஜெய்னம்பு மசாலா டப்பாக்களைக் கழுவ எடுத்தபோது, சோம்பு டப்பாவின் அடியில் கடிதம் இருந்தது. உம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சர்க்கார் முத்திரை தெரியும். மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பரீட்சை முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

தான் ஒளித்ததை ருக்னுதீன் மறுக்கவில்லை. எங்கோ ஒரு பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்ததாகக் கடையில் யாரோ சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அதைப் பயம் என்று சொல்ல அவருக்கு வரவில்லை. கத்தினார்.

“அந்த இரும்புப் பானை வெடிச்சா உன்னை எதுல அள்ளிக்கிட்டு வரச் சொல்றே? கடை இருக்கு. வந்து கல்லாவுல உட்காரு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் அவர் மூடியைக் கழற்றி நீட்டினார். அமீர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வாயால சொல்லுங்க, வாப்பா.”

சுற்றி நின்றவர்கள் செருப்புத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். ருக்னுதீன் மூடியைக் குப்பியில் செருகிக்கொண்டு நடந்தார். அமீர் அன்றே பஸ் ஏறினான். வாப்பா சொல்லும்வரை வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஏழு வாரம் ஆயிற்று. பத்து பாகாட்டிலிருந்து வந்த ஒரு லாரிக்காரரிடம் உம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: வாப்பா இப்போது யாரோடும் சண்டை போடுவதில்லை, சோறும் இறங்குவதில்லை. அமீர் போகவில்லை.

எட்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு ருக்னுதீனே வந்தார். பாய்லர் கொட்டகை வாசலில் நின்றார். எண்பது பவுண்டு அழுத்தத்துக்கு நீராவி ஏறியிருந்தது. அமீரால் அடுப்பை விட்டு நகர முடியாது. வாசலிலிருந்து அவர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. அமீர் காதைத் தொட்டுக் காட்டினான்.

அவர் பாய்லரைப் பார்த்தார். வாசலுக்கும் அதற்கும் பதினைந்தடி இருக்கும். கைலியை இறுக்கிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தார். அடுப்பின் வாய்க்கு முன்னால், மகனுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றார்.

“கடுதாசியை ஒளிச்சு வச்சது தப்பு. நான் செஞ்சது தப்பு.”

வெளியூர் வருகிறவர், காதில் அத்தர்ப் பஞ்சில்லாமல் வந்திருந்தார். அவர் மேல் விறகுப் புகையும் வியர்வையும் மட்டும் வீசின.

“குப்பி எங்கே, வாப்பா?”

“வீட்டுல. கையில இருந்தா அதைத்தான் நீட்டியிருப்பேன்லா.”

அமீர் கையைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துப் பிரஷர் கேஜுக்கு முன்னால் நிறுத்தினான். சிவப்புக் கோட்டைக் காட்டினான். முள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றான்.

“தொட்டுட்டா?”

“வால்வு தானா திறந்துக்கும். நீராவி வெளியே போயிரும். வெடிக்காது.”

அவர் நம்பினாரா என்று அமீருக்குத் தெரியவில்லை. அவர் ஊர் திரும்ப வேண்டிய நான்கு மணி பஸ் போயிற்று. ருக்னுதீன் ஒரு பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து, வேலை முடிந்து சங்கு ஊதும்வரை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.