ரத்தம் எடுக்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை

ரத்தம் எடுக்கிறவளை முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'கொசு' என்பார்கள். ஊசி பிடித்து வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! நான் விருதுநகர்க்காரி. இரண்டாயிரங்களின் கடைசியில், சர்க்கரை வியாதிக்கும் ஜீனுக்கும் என்ன உறவு என்று ஆராய்ந்த ஒரு குழுவுக்காக சிவகாசிப் பக்கம் ஊர் ஊராக ரத்தம் எடுத்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வம்சம்

விஸ்வநத்தத்தில் ஓர் அம்மாள், மகனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் ரிசல்ட் வேண்டும் என்று வந்து நின்றார். அடுத்தவர் ரிசல்ட்டைக் கொடுக்க மாட்டோம் என்றேன். நகரவில்லை. "தாய் தகப்பன் வழியில் வருகிற ஜீனில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஊரில் நிறையப் பேருக்கு இருப்பவைதான். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். வியாதி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. உங்களுக்கும் சிலது இருக்கும்" என்று தொண்டை வறளச் சொன்னேன்.

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வம்சத்துல அந்த மாதிரி அசிங்கமெல்லாம் கெடையாது, பாத்துப் பேசுங்க சிஸ்டர்!"

எந்த மருந்து?

எம். புதுப்பட்டி முகாமுக்குக் கோமதி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை, முப்பத்தெட்டு வயது. சர்க்கரை முந்நூறைத் தாண்டி நின்றது. படிவத்தில் இருந்தபடி, "மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். "பதினெட்டு வருசமா மருந்துலதான் இருக்கேன்" என்றாள். 'ஆம்' என்று டிக் அடித்தேன். மருந்து எடுப்பவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் விதி. அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்க்க அல்ல. அவளிடம் எடுத்த ரத்த சாம்பிள் கெட்டுப்போயிருந்தது, இன்னொன்று வேண்டியிருந்தது. எந்த மாத்திரை என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அவள் சொன்னது வெடிமருந்தை! வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில் அவளுக்கு வேலை. இந்தப் பக்கம் மருந்து என்றால் முதலில் அதுதான் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவள் சிரித்தாள். "நீங்க கேட்டதுக்குத்தான சிஸ்டர் நான் பதில் சொன்னேன்?"

லீவு

அவள் காலில் ஒரு புண் இருந்ததையும் அன்றுதான் பார்த்தேன்; அன்றே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். தீபாவளி சீசன், லீவு கிடைக்கவில்லை. அவள் கம்பெனி போர்மேனிடம் நானே போய் நின்றேன். கோமதி காலில் புண் இருக்கிறது, ஆறாமல் இருக்கிறது, ஒரு நாள் விடுங்கள் என்று கெஞ்சினேன். காலையிலிருந்து உட்கார்ந்தே வேலை, பசிக்குச் சர்க்கரை போட்ட டீ, சோறு எப்போதோ. இதெல்லாம் ஜீனா செய்தது என்றும் கேட்டேன். மனுஷர் முகாமில் நாங்கள் கொடுத்த நோட்டீஸையே எடுத்து என் முன்னால் விரித்தார்.

"பரம்பரைன்னு நீங்கதான அச்சடிச்சுக் குடுத்திருக்கீக, அதுக்குக் கம்பெனி என்னங்க செய்யும்?"

நல்ல சாம்பிள்

தீபாவளி முடிந்துதான் கோமதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த இரண்டாவது சாம்பிள் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

வார்டில் கோமதி, தன் மகளுக்கும் வருமா என்று கேட்டாள். உங்களுக்கு இருப்பதில் சிலது அவளுக்கும் வந்திருக்கலாம், ஆனால் வருஷா வருஷம் பரிசோதித்து, சாப்பாட்டையும் நடையையும் கவனித்தால் தள்ளிப்போடலாம், வராமலேகூட இருக்கலாம் என்றேன். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி சொன்னாள்:

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கீக, ரத்தம் எடுத்த அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பிறப்போடு வந்த ஆபத்து ஒரு கைப்பிடி என்றால், மிச்ச லோடை ஏற்றியது கம்பெனியும் நாங்களும் எல்லோரும் சேர்ந்துதான்.